தோட்டை அடகு வைப்பதற்கு முன்... குதிரைப் படம் எடுக்க எந்த லென்ஸ்?



பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து வாகரைப் பக்கம் போகின்றவர்களுக்கு வாவிக் கரையில் மேயும் மாடுகளும் எருமைகளும் கண்ணில் படாமல் இருக்காது. குதிரைதான் படாது. எங்களில் பெரும்பாலானோருக்குக் குதிரை என்பது கோயில் வாகனத்திலும் பாடப் புத்தகத்திலும் கண்ட மிருகம். ஆனாலும் இம்முறை குதிரையைப் பற்றியும், அதைப் படம் எடுக்கும் கமராவின் லென்ஸைப் பற்றியும் எழுத வேண்டி வந்துவிட்டது. அதற்குக் காரணம் ஒரு சோடித் தோடு.

எமது பெண்கள் குழுவில் ஒரு தங்கச்சி இருக்கின்றாள். சாமத்தியச் சடங்கு, கல்யாணம், பிறந்தநாள் என்று அழைக்கும் வீடுகளுக்குப் போய்ப் படம் எடுத்துக் கொடுப்பது அவளது தொழில். பயிற்சி ஒன்றில் கிடைத்த கமராவும், அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸும்தான் அவளது முதல். நெடுந்தீவுக் குதிரைகளின் படமொன்றைக் கைத்தொலைபேசியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதே நினைவு. உல்லாசப் பயணிகளுக்குப் படங்கள் விற்கும் கடையொன்றில் விசாரித்திருக்கின்றாள். நல்லதாக இருந்தால் வாங்குவோம் என்று சொல்லியிருக்கின்றார்கள்.

ஒரு நாள் பின்னேரம் என்னிடம் வந்தாள்.

"அக்கா, குதிரையைப் படம் எடுக்கிறதெண்டா 70-200 எஃப் 2.8 லென்ஸ் இல்லாம ஏலாதெண்டு லென்ஸ் விக்கிறவர் சொல்றார். முதல் கொஞ்சம் கட்டினா மிச்சத்தை மாதத் தவணையில கட்டலாமாம். அம்மாட தோட்டை அடகு வைப்பமோ எண்டு யோசிக்கிறன்."

அந்தத் தோட்டைப் பற்றி எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீடு போனது. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது இருந்த மிச்சமும் போனது. அந்தத் தாயின் காதில் கிடந்தது மட்டும் மிஞ்சியது. தனியாக நின்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தபோதும் அந்தத் தாய் அதை அடகு வைக்கவில்லை.

நான் கமரா நிபுணர் அல்ல. சமூகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். ஆனால் கடன் வாங்க முன் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியும். "இந்தச் சாமான் என்ன வேலை செய்யும்? அந்த வேலை எனக்குத் தேவையா?" ஆகவே இருவரும் அறிந்தவர்களிடம் கேட்டும், வாசித்தும், செய்து பார்த்தும் கற்றுக்கொண்டோம். அதையே இங்கு பகிர்ந்துகொள்கின்றேன்.

எண்கள் சொல்லும் கதை

பாடசாலையில் விஞ்ஞான பாடத்தில் வில்லை என்று படித்தோமே, அதுதான் லென்ஸ். ஒவ்வொரு லென்ஸிலும் இரண்டு வகையான எண்கள் எழுதப்பட்டிருக்கும். மி.மீ. என்று வருவது குவியத் தூரம். அது கூடக் கூடத் தூரத்தில் நிற்பது கிட்ட வரும். எஃப் என்று வருவது ஒளி நுழையும் துவாரத்தின் அளவு. இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும், ஒளி கூடுதலாக நுழையும். இரண்டையும் விளங்கிக்கொண்டால் விற்பவர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்க வேண்டிய தேவை இருக்காது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். ஒரு குதிரையின் முழு உடலும், சுற்றிச் சிறிது இடமும் படத்தில் வர வேண்டுமென்றால் ஏறத்தாழ 4 மீற்றர் அகலம் தேவை. எம்மிடம் பொதுவாக இருக்கும் சிறிய சென்சர் கமராக்களில், 55 மி.மீ. லென்ஸ் என்றால் குதிரையிலிருந்து சுமார் 9 மீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும். 200 மி.மீ. என்றால் 33 மீற்றர். 300 மி.மீ. என்றால் 50 மீற்றர். ஆகவே முதற் கேள்வி எந்த லென்ஸ் நல்லது என்பதல்ல. நான் எங்கே நிற்கப் போகின்றேன் என்பதே முதற் கேள்வி.

அப்படியானால் கிட்டப் போய் 18 மி.மீ. இல் எடுத்தால் என்ன? அங்கேதான் குதிரையின் உருவம் கெடுகின்றது. குதிரையின் முகத்திலிருந்து 1 மீற்றரில் நாம் நின்றால் அதன் பின்பகுதி சுமார் 3 மீற்றரில் இருக்கும். கிட்ட இருப்பது பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும் தெரிவதால் தலை பூசணிக்காய் போலவும் பின்கால்கள் குச்சி போலவும் வந்துவிடும். சில மீற்றர் பின்னால் போய், 85 மி.மீ. தொடக்கம் 200 மி.மீ. வரையான லென்ஸால் எடுத்தால் உடம்பு அதன் அளவோடு வரும். மனிதரின் முகத்தை எடுக்கும்போதும் இதே விதிதான். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் மூக்குப் பெரிதாகத் தெரிவதற்கு மணப்பெண் பொறுப்பல்ல. படம் எடுப்பவர் கிட்ட நின்றதே காரணம்.

ஓடும் குதிரையை நிறுத்துவது எது?

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்பது நீண்ட காலம் எவருக்கும் நிச்சயமாகத் தெரியாத விடயமாக இருந்தது. ஓவியர்கள் முன்கால்களை முன்னுக்கும் பின்கால்களைப் பின்னுக்கும் நீட்டியபடி குதிரையை வரைந்தார்கள். 1878 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழுவது உண்மை என்று தெரிந்தது. ஆனால் அது கால்கள் நீளும்போதல்ல, வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேரும்போது. மனிதக் கண் தவறவிட்டதைக் கமரா பிடித்தது.

பிடித்தது வேகமான ஷட்டர். பாய்ந்து ஓடும் குதிரை ஒரு செக்கனில் ஏறத்தாழ 12 மீற்றர் போகும். ஷட்டர் 1/60 செக்கன் திறந்திருந்தால் அதற்குள் குதிரை 20 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். படம் கலங்கும். 1/1000 செக்கன் என்றால் நகர்வது ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே பாய்ச்சலுக்கு 1/1000, துள்ளு நடைக்கு 1/500 என்று வைத்துக்கொள்ளலாம். சில லென்ஸ்களில் கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி உண்டு. அது எமது கையின் நடுக்கத்தைத்தான் குறைக்கும். குதிரையின் ஓட்டத்தை நிறுத்தாது. அதற்கென்று கூடுதல் பணம் கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எஃப் 2.8 க்கு வருவோம். எஃப் 5.6 லென்ஸை விட எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். அதனால்தான் அதன் விலையும் பல மடங்கு. நிறையும் அப்படியே. 70-200 எஃப் 2.8 லென்ஸ்களில் பல ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும். கூரையின் கீழ் நடக்கும் சவாரிப் போட்டி, மங்கிய மாலை வெளிச்சம் போன்ற இடங்களில் அந்த ஒளி தேவை.

ஆனால் எமது வெயிலில்? நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 200 என்று வைத்தால், எஃப் 5.6 இல் கூட 1/1600 செக்கன் வேகம் கிடைக்கும். ஓடும் குதிரைக்கு அது போதும். அதாவது பகல் வெளியில் 55-250 அல்லது 70-300 மி.மீ. எஃப் 4-5.6 என்ற சாதாரண லென்ஸே வேலையைச் செய்துவிடும். இதை நாங்கள் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று தங்கச்சி கொப்பியை மூடிவிட்டு, "அப்ப தோடு காதில கிடக்கட்டும் அக்கா" என்றாள்.

இடத்துக்கேற்ற லென்ஸ்

எமது நாட்டில் குதிரையைப் படம் எடுக்கக்கூடிய இடங்களில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, குறிகாட்டுவானிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்டு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழி வந்தவை இன்று அங்கே கட்டுப்பாடின்றித் திரிகின்றன. உயரம் குறைந்த மட்டக்குதிரைகள். 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மரம் குறைந்த பரந்த வெளி, கடும் வெயில், ஆளைக் கண்டால் விலகிப் போகும் மிருகம். ஆகவே அங்கே நீண்ட லென்ஸ் தேவை. ஒளி தாராளம் என்பதால் எஃப் 5.6 போதும்.

மற்றது நுவரெலியா. ஏப்ரல் பருவகாலத்தில் நடக்கும் குதிரைப் பந்தயம் புகழ்பெற்றது. அங்கே வேலிக்கு வெளியே நின்றுதான் எடுக்கலாம். வேகமும் அதிகம், மலைநாட்டு முகிலும் மூடும். எஃப் 2.8 லென்ஸுக்கு அங்கே உண்மையாகவே வேலை உண்டு. அவ்வாறான ஒரு நாளுக்கு அதை வாடகைக்கு எடுக்கலாம். ஒரு நாள் தேவைக்காக மூன்று வருடக் கடன் வேண்டாம்.

கடல் கடந்தால் சென்னை மெரினா கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குதிரைகள் நடக்கும். அங்கே கூட்டம் நெருக்கம், குதிரையும் கிட்ட. நீண்ட லென்ஸ் தலைகளைத்தான் பிடிக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 என்ற சிறிய லென்ஸ் அங்கே நன்றாக உதவும். கெனன், நிக்கோன் இரண்டிலும் விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று. ஒளியையும் கூடுதலாக எடுக்கும். கல்யாண வீட்டுக்கும் இதுவே கைகொடுக்கும். எமது பெண்கள் முதலில் வாங்க வேண்டிய லென்ஸ் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

குதிரைச் சவாரி என்பது எங்களுக்கு எட்டாத விளையாட்டு என்று நினைக்கத் தோன்றும். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் ஒருவரோடொருவர் மோதும் விளையாட்டு அது. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் சார்பில் அதில் கலந்துகொண்டவர் ஒரு பெண், மெத்தில்டா கார்ல்சன். இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்தவர். பெண் சவாரி செய்யலாம் என்றால் பெண் அதைப் படம் எடுக்கவும் செய்யலாம்.

மாட்டில் பழகி, குதிரைக்குப் போனோம்

குதிரை இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது? எமது வாவிக் கரையே போதுமாக இருந்தது. பின்னேரம் பட்டிக்குத் திரும்பும் மாடுகளும், துள்ளும் கன்றுகளும், சைக்கிளில் பறக்கும் பொடியன்களும் எமக்குக் குதிரைகளாகினர். தொடர்ந்து போகஸ் பிடிக்கும் முறையில் கமராவை வைத்து, கண்ணில் போகஸ் வைத்து, மிருகம் போகும் திசையில் கமராவையும் சேர்த்துத் திருப்பப் பழகினோம். கால்களை வெட்டாமல் எடுக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. தங்கச்சி இரண்டு நாளில் பிடித்துவிட்டாள்.

அதன் பின்னர் குழுவில் மூன்று பேர் காசைப் பங்கு போட்டு ஒரு 70-300 மி.மீ. லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் போனார்கள். முதல் நாள் பகல் எடுத்த படங்களெல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளிந்திருந்தன. லென்ஸ் பழுது என்று பயந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். உண்மையில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றுத்தான் அப்படிக் காட்டியது. எவ்வளவு விலையுள்ள லென்ஸாலும் அதை நீக்க முடியாது. காலையிலும் மாலையிலும் எடுப்பதே மருந்து. அன்று மாலை எடுத்தவை தெளிவாக வந்தன.

ஆனால் எல்லோருக்கும் பிடித்த படம் அந்த லென்ஸால் எடுத்ததல்ல. மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டிக்கு அருகே கல்வேலியோரம் இவள் அசையாமல் இருந்திருக்கின்றாள். ஒரு தாய்க் குதிரை குட்டியோடு தண்ணீருக்கு வந்திருக்கின்றது. கையில் இருந்தது அவளது பழைய 18-55. 55 மி.மீ. இல் வைத்து எடுத்தாள். குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நிற்கின்றது. தாயின் இரண்டு காதுகளும் முன்னுக்கு நிமிர்ந்திருக்கின்றன. குதிரை பயமின்றி இருப்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். காது பின்னால் படிந்தால் விலகிவிட வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ சுற்றிவரப் பார்க்கும். ஆனால் நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னாலும் தெரியாது. ஆகவே பின்னால் போகக் கூடாது. பக்கவாட்டில், அதற்குத் தெரியும்படி மெதுவாகப் போக வேண்டும். பிளாஷ் வெளிச்சம் அடிக்கவே கூடாது.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. 2005 இலும் 2007 இலும் எமது முகாம்களுக்கு எத்தனையோ கமராக்கள் வந்தன. வரிசையில் தண்ணீருக்கு நின்ற எங்கள் தாய்மாரை, கேட்காமலே, தூரத்தில் நின்று நீண்ட லென்ஸ்களால் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படங்களில் ஒன்றுகூட எமது கைக்கு வரவில்லை. கடல் கொண்டுபோன எமது கல்யாணப் படங்களுக்கும் பிள்ளைகளின் படங்களுக்கும் ஈடாக ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. நீண்ட லென்ஸ் கிட்டப் போகாமலே எடுக்க உதவும் கருவி. காட்டு மிருகத்துக்கு அது மரியாதை. மனிதருக்கு அப்படியல்ல. சவாரி செய்பவரையோ குதிரை வளர்ப்பவரையோ எடுப்பதென்றால் கேட்டு எடுங்கள். ஒரு பிரதியைக் கொடுங்கள். எமக்கு நடந்ததை நாம் மற்றவருக்குச் செய்யலாகாது.

பழைய லென்ஸ் வாங்குவோர் கவனத்திற்கு

2022 பொருளாதார நெருக்கடியின்போது ரூபாயின் பெறுமதி விழுந்து இறக்குமதிப் பொருட்களின் விலை எகிறியது எல்லோருக்கும் தெரியும். மறுபுறம், கண்ணாடி இல்லாத புதுவகைக் கமராக்களுக்குப் பலர் மாறியதால் பழைய வகை லென்ஸ்கள் பாவித்த நிலையில் விற்பனைக்கு வருகின்றன. வாங்க முன் இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, லென்ஸின் ஒரு பக்கத்தால் டோர்ச் வெளிச்சம் அடித்து மறு பக்கத்தால் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சணம். வாங்க வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் கமராவைக் கொண்டுபோய்ப் பூட்டி, படம் எடுத்துப் பாருங்கள். ஒரு கம்பனியின் லென்ஸ் மற்றதற்குப் பொருந்தாது. நிக்கோனில் டி 3000, டி 5000 வரிசைக் கமராக்களில், மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப். லென்ஸ்கள் பூட்டுப்படும். ஆனால் தானாகப் போகஸ் பிடிக்காது. ஓடும் குதிரைக்கு அது உதவாது. மலிவு என்று ஏமாற வேண்டாம்.

மூன்றாவது, சூம் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். மணல் அரைவது போலச் சத்தம் கேட்டால் வையுங்கள்.

வாங்கிய பின்னர் பராமரிப்பு முக்கியம். எமது வாவிக் காற்றும் கடற்காற்றும் லென்ஸுக்குப் பகை. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அரிசிக்குள் வைக்க வேண்டாம், தூசு ஏறும். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரம் துவட்டிய மெல்லிய துணியால் வெளிப்புற உப்பைத் துடைத்துவிடுங்கள்.

நாமே கேட்போம்

பெரிய லென்ஸ் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அது தேவைப்படும் நாள் வரும். அன்று தொழிலில் வந்த காசில் அதை வாங்கலாம். அதுவரை எதையும் வாங்க முன் இவற்றைக் கேளுங்கள். நான் எங்கே நிற்பேன்? வெளிச்சம் எப்படி இருக்கும்? ஒரு மாதத்தில் எத்தனை நாள் இது தேவை? வாடகைக்குக் கிடைக்குமா? குழுவாகச் சேர்ந்து ஒன்று வாங்கலாமா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். நுண்கடன் தவணை கேட்டு வாசலுக்கு வருபவர்கள் எங்கள் ஊரில் ஏற்கெனவே போதிய பேர் இருக்கின்றார்கள்.

தாய்க் குதிரையும் குட்டியும் நிற்கும் படத்தைக் கடையில் எடுத்துக்கொண்டார்கள். பெரிய தொகையல்ல. வாடகையில் தனது பங்கைக் கழித்து மிஞ்சியதைச் சீட்டில் போட்டிருக்கின்றாள் தங்கச்சி. 50 மி.மீ. லென்ஸுக்காம். இன்னொரு பிரதியைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கின்றாள். அதற்குப் பக்கத்தில், வாசல் திண்ணையில் இருந்து சிரிக்கும் அம்மாவின் படம். அதுவும் 55 மி.மீ. இல் எடுத்ததுதான். அம்மாவின் காதில் தோடு தெளிவாகத் தெரிகின்றது.